லார்வா இல்லை

மெட்ரோ லாரி செவ்வாய்க்கிழமை வரும்.
நான்கு குடம் எங்களுக்கு.
நீல டிரம் முழுக்க மீனுக்கு.
பிளீச்சிங் வாடை போகட்டுமென்று
மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் திறந்தே கிடக்கும்.
திறந்து கிடப்பதை
கொருக்குப்பேட்டைக் கொசு விட்டுவைக்குமா?

இலை மிதக்க விட்டிருக்கிறேன், நாட்டு வாதுமை.
அதன் அடியில் ஃபைட்டர் கட்டுகிறான்
எச்சிலும் காற்றும் குழைத்து,
பட்டா இல்லாத வீடு.
கேட் சாத்தி கூட்ஸ் போகும்போதெல்லாம்
தொட்டி நடுங்கி ஒரு ஓரம் கரையும்.
மேலே போய் ஒரு வாய் காற்று வாங்கி வருவான்.
மறுபடி ஊதுவான்.

பெண்ணை அரிக்கேன் கண்ணாடிக்குள் நிறுத்தி
நடுவில் வைத்தேன்.
உடம்பில் குறுக்குக்கோடு விழுந்தால் சம்மதம்,
நெடுக்கே ஓடினால் பயம்.
என்னைப் பார்க்க வந்த மூன்று வீட்டாரில்
ஒருவரும் இப்படிக் கோடு தேடவில்லை.
பஜ்ஜி தின்றார்கள்.

ஜோடி சேருமுன் பத்து நாள் உயிர்த்தீனி வேண்டும்.
அதனால்தான் டிரம்முக்கு மூடி கிடையாது.
வளைந்து வளைந்து நெளிகிற கறுப்புக் கமாக்கள்,
டீ வடிகட்டியில் அள்ளினால் ஒரு வேளைச் சாப்பாடு.

கார்ப்பரேஷன் அஞ்சுகம் வந்தது வெள்ளிக்கிழமை.
தோளில் மருந்து டப்பா, கையில் டார்ச்.
டிரம்முக்குள் அடித்தாள்.
"இன்னாமே இது, கொசுப் பண்ணையா?
ஃபைன் எவ்ளோ தெரியுமா?"
பிறகு சுவரோரம் வரிசையாக நின்ற
நாற்பது குவார்ட்டர் பாட்டிலைப் பார்த்தாள்.
"இத்தனையும் நீயா குடிச்ச?"

குடித்தது தெரு.
கழுவியது நான்.
ஒவ்வொன்றிலும் ஒரு ஆண், நடுவில் ஒரு அட்டை.
அட்டையை உருவிக் காட்டினேன்.
சிவப்பும் நீலமும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும்
செவுளை விரித்துக்கொண்டு நின்றன,
குழாயடியில் குடம் வைத்த வரிசை தவறியதுபோல.
"யம்மா" என்றாள் அஞ்சுகம்.
டப்பாவைக் கீழே இறக்கி வைத்தாள்.

வடிகட்டியை அவளிடமே கொடுத்தேன்.
ஒவ்வொரு பாட்டிலுக்கும் நாலு புழு, ஐந்து புழு.
போட்ட மாத்திரத்தில் காணாமல் போயின.
டிரம்மின் அடி தெரியும்வரை அள்ளினாள்.
சுவரில் ஒட்டிய அட்டையில் தேதி போட்டு
'லார்வா இல்லை' என்று எழுதி
கையெழுத்தும் போட்டாள்.
பொய் இல்லையே.

முட்டை விழுந்தது ஞாயிறு மத்தியானம்.
ரவை மாதிரி.
விழ விழ வாயில் பொறுக்கி
குமிழில் ஒட்டினான்.
பெண்ணை உடனே எடுத்துவிட்டேன்,
வால் கொஞ்சம் கிழிந்திருந்தது.
திங்கள் ராத்திரி கரண்ட் போனது.
மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன்,
இலைக்கடியில் கண் மட்டும் உள்ள முடித்துண்டுகள்
தலைகீழாகத் தொங்கின.
நூற்றைம்பது வரை எண்ணினேன். மீதி தூங்கிவிட்டேன்.

நீந்தத் தொடங்கிய அன்று அப்பனையும் எடுத்தேன்.
பாசம் முடிந்தால் பசி,
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அடுத்த வெள்ளி அஞ்சுகம் படியேறி வந்தாள்.
சோடா பாட்டில் நிறையக் கலங்கல் தண்ணீர்.
"நாலாவது தெரு, செக்யூரிட்டி வூட்டு பின்னால டயர்.
மருந்து ஊத்தலாம்னு பார்த்தேன்.
உன் பசங்க ஞாபகம் வந்திச்சு."

குஞ்சுகள் இன்னும் அதைத் தின்கிற சைஸ் இல்லை என்று
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
பெரியதுகளுக்குப் போட்டோம்.

பிழைத்தது அறுபத்தொன்று.
கொளத்தூர்க்காரர் ஒன்றுக்கு இருபத்தைந்து தருகிறார்,
வால் நீளமென்றால் நாற்பது.
கிழிந்த வால்காரி விற்பனைக்கில்லை.
அவள் இப்போது
வார்டு ஆபீஸ் மேசையில், ஜாம் பாட்டிலில்,
கொசு ஒழிப்புப் பதிவேட்டின் பக்கத்தில் இருக்கிறாள்.
வாரம் இரண்டு முறை தண்ணி மாத்து என்று சொல்லியிருக்கிறேன்.
மாத்துகிறாளா தெரியாது.