சொன்ன சொல், அப்படியே

ரோக்கிஷ்கிஸ் நகரம். பிப்ரவரி.
பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் கூடைப்பந்து.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பதினாறு.
உள்ளே ஈர பூட்ஸின் ரப்பர் வாடை,
ஹீட்டர்மேல் காயும் காலுறைகள்,
மேல்வரிசையில் தெர்மாஸ் திறக்கும் பெற்றோர்.

நடுவர் என்கிறோம்.
நடுவில் ஒருநாளும் நின்றதில்லை ஸ்கிர்மாந்தே.
கோட்டின் ஓரமாகவே ஓடுகிறாள்,
பயிற்சியாளரின் எச்சில் எட்டும் தூரத்தில்.

வாரநாளில் மருந்துக்கடை வேலை.
டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிறவளுக்கு
வைதோதாஸின் முகம் பெரிய எழுத்து:
முதலில் கழுத்து சிவக்கும், அப்புறம் காது.
காதுக்கு வந்துவிட்டால்
சொல் வாய்க்கு வந்துவிட்டதென்று பொருள்.

அவர்கள் மொழியில் வசவு சாதுவானது.
தேரை என்பார்கள். பாம்பு என்பார்கள்.
காரம் வேண்டுமென்றால்
பக்கத்து நாட்டில் கடன் வாங்க வேண்டும்.
முதல் பாதியில் அவள் தேரை.
இரண்டாம் பாதி தொடங்கியதுமே
எல்லை தாண்டியாயிற்று.

காது கேளாமல் இருப்பது ஒரு திறமை.
எட்டு வருடத்தில் வந்தது.
"கண்ணைக் கொண்டுபோய்க் காட்டு." கேட்கவில்லை.
"எவ்வளவு வாங்கினாய்?"
கேட்டது.
பந்து வெளியே போன இடைவெளியில்
அவர் பக்கத்தில் போய் நின்று,
அவரைப் பாராமல், ஆட்டத்தைப் பார்த்தபடி,
சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மாத்திரை என்பதுபோல்
சொன்னாள்: "இத்தோடு போதும்."
உரக்கச் சொன்னால்
தெர்மாஸ்கள் எல்லாம் எழுந்து நிற்கும்.

பிறகு ஒன்பதாம் எண், வகாரிஸ்,
சட்டை முழங்காலைத் தொடும் பையன்,
பந்தோடு ஓரடி கூடுதலாக நடந்துவிட்டான்.
விசில்.
வைதோதாஸ் இம்முறை அவளைத் திட்டவில்லை.
பையனைத் திட்டினார்.
ஒரே சொல். அதில் அவன் அம்மாவும் இருந்தாள்.

வகாரிஸ் குனிந்து ஷூ லேஸைப் பார்த்தான்.
அது அவிழ்ந்திருக்கவில்லை.

அடுத்த விசில் தன் வாயிலிருந்துதான் வந்ததென்று
அவளுக்கு ஒரு நொடி கழித்தே தெரிந்தது.
நிமிர்ந்த விரல்கள்மேல் கிடத்திய உள்ளங்கை:
ஒற்றைக்கால் மேசை.
"நான் உன்னையா சொன்னேன்?"
உண்மையாகவே வியந்து கேட்டார்.
வியந்தது போதாமல் கையிலிருந்த அட்டையை வீசினார்.
மேசை மறுபடி எழுந்தது.
இரண்டு ஆயிற்று. வெளியே.

எதிரணிப் பையன் தனியாக நின்று எறிந்த
இரண்டு ஃப்ரீ த்ரோவும் வளையத்தைத் தொடவில்லை.
யாரும் சிரிக்கவில்லை.
மீதி ஆறு நிமிடம், தண்ணீர் பாட்டில் சுமக்கும் உதவியாளர்
பெஞ்சைப் பார்த்துக்கொண்டார்.
தோற்றார்கள்.
வகாரிஸ் ஒரு கூடை போட்டான். அதற்கும் இதற்கும்
முடிச்சுப் போட எனக்குத் துணிவில்லை.

வெளியே அவள் கார் இருமிவிட்டு அடங்கியது.
சக நடுவர் பஸ் பிடித்துப் போயாயிற்று.
எஞ்சின் ஓடும் ஒரே வண்டி அணியின் வேன்;
பையன்கள் குளித்து வரட்டுமென்று
உள்ளே வைதோதாஸ்.

இறங்கினார். கேபிள் எடுத்தார்.
சிவப்புக்குச் சிவப்பு. கறுப்பை இரும்பில் கடிக்கவிட்டார்.
பேச்சில்லை, இரண்டு மூச்சு புகைந்தது.
வண்டி உயிர் பெற்றதும்
"அவன் என் தங்கை மகன்" என்றார்,
அது ஒரு விளக்கம் என்பதுபோல.
அவள் நன்றி சொன்னாள்.
கேபிளுக்கு.

இரவு, சமையலறையில், படிவம்.
தேதி. நிமிடம். புள்ளி.
நான்காவது கட்டம்: சொன்ன சொல், அப்படியே.
மருந்து டப்பாவில் எழுதுகிற
அதே உருண்டை எழுத்தில் எழுதினாள்,
ஓர் எழுத்தும் விடாமல்.

கேபிளுக்குக் கட்டமில்லை.
பின்பக்கம் திருப்பினாள். வெள்ளை.
சற்றுநேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தாள்.
பிறகு போனில் படமெடுத்து அனுப்பினாள்,
முன்பக்கத்தை மட்டும்.