வவுனிக்குளக் கட்டில் இரண்டு கமராக்கள்

பழையது பன்னிரண்டு வருடமாய் என்னோடு.
மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம்,
எங்கெல்லாம் மணவறை போட்டார்களோ
அங்கெல்லாம் அதன் சென்சரில் கெட்டுப்போன ஒரு புள்ளி
இடப்பக்க மூலையில் சிவப்பாய் எரியும்.
முந்நூறு அல்பங்களில் அழித்திருப்பேன்.
அவசரத்தில் விட்டதும் உண்டு.
கஜரூபியின் சாமத்தியப் படத்தில்
குத்துவிளக்குக்கு மேலே தனியே ஒரு சுடர் பறந்ததாக
அவளின் தாய் இன்னமும் சொல்லித் திரிகிறாள்.

புதியது விதுர்ஷனுடையது.
லீசிங்கில் எடுத்து மூன்று கிழமை.
"உங்கட சென்சர் முத்திரை அக்கா,
என்ரது தீப்பெட்டி.
இருட்டெண்டா உங்கட ஆள் படுத்திடுவார்."

வாயால் சொன்னால் ஆகாது.
லென்ஸ் ஒன்று, முக்காலி ஒன்று,
பின்னேரம் ஆறரைக்குத் துருசுக்குப் பக்கத்தில் வைத்தோம்.
சட்டம் ஒத்துவர எனக்கு லென்ஸைக் கொஞ்சம் விரிக்கவேண்டும்,
அவனுக்குச் சுருக்கவேண்டும்.
மற்றதெல்லாம் ஒன்று: குளம், அக்கரை,
இடப்பக்கம் மருத மரங்கள்.

ஐஎஸ்ஓ நானூறு.
ஊசி விழ இடமில்லை, இரண்டும் சரிசமம்.
அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.
ஆயிரத்து அறுநூறு.
என் தண்ணீரில் கொஞ்சம் மணல்.
ஆறாயிரத்து நானூறு.
என் குளம் முழுக்க யாரோ
குரக்கன் மா தூவிவிட்டார்கள்.
அவனுடையதில் தண்ணீர் இன்னும் தண்ணீர்,
ஆம்பல் இலைக்கு விளிம்பு இருக்கிறது.
நொய்ஸ் என்றான், விரலால் தொட்டுக் காட்டி.
படத்துக்கு ஏதடா சத்தம் என்றேன்.

பன்னீராயிரத்து எண்ணூறு.
ஏழு மணி பத்து.
எங்கள் கண்ணுக்கு மரமும் இல்லை, கரையும் இல்லை.
முதலில் என்னுடையது, பிறகு அவனுடையது.
திரையைப் பெருப்பித்துக்கொண்டே போனவன்
பெருப்பிப்பதை நிறுத்தினான்.
மருத மரத்தின் கீழே
மரமல்லாத ஒன்று.
ஒரு காது.
காதுக்குக் கீழே நிலம்வரைக்கும் கறுப்பு.

"அக்கா, மெதுவா."
அவ்வளவுதான் சொன்னான். பெயரைச் சொல்லவில்லை.
நாற்பது யார் இருக்கும்.
எவ்வளவு நேரமாய் நிற்கிறதோ,
நானூறிலும் நின்றதோ,
நாங்கள் மாவைப் பற்றிச் சண்டை பிடித்தபோதும்
கேட்டுக்கொண்டு நின்றதோ.
முக்காலியை மடக்காமல் தோளில் வைத்து
மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாமல்
அரைக் கட்டை உருட்டிக்கொண்டு வந்தோம்.

இரவு ஸ்ரூடியோவில் இரண்டையும் அருகருகே திறந்தோம்.
நிழலை ஐந்து படி தூக்கினான்.
அவனுடையதில் தோலின் சுருக்கம்கூட எழும்பியது,
முழங்காலில் காய்ந்த சேறு.
என்னுடையதில் ஊதாவும் பச்சையுமாய் ஒரு கொதிப்பு.
தோற்றேன் என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

திரும்பி வந்து, கப்போடு நின்று,
இடப்பக்கத்தையே பார்த்தேன்.
ஊதா கொஞ்சம் மெலிகிற இடம்,
பெரிய இடம்,
மெல்ல மெல்ல முதுகாயிற்று.
இடம் தெரிந்த பிறகுதான் தெரிந்தது.
சத்தமே போடாமல் நின்ற ஒன்றை
என் கமரா
சத்தத்துக்குள் மறைத்து வைத்திருக்கிறது.

சிவப்புப் புள்ளி சரியாக அதன் நெற்றியில்.
அழிக்கவா என்றான் விதுர்ஷன்.
வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை துணுக்காய்க் கலியாணத்துக்கு
அவனுடையதைத்தான் இரவல் கேட்டிருக்கிறேன்.
தருவான்.
லென்ஸ் மூடி மட்டும் குளக்கட்டில் கிடக்கிறது.
விடிந்ததும் எடுக்கவேண்டும்,
யார் போவதென்று இன்னும் முடிவாகவில்லை.