எல்பியோ வரைந்த தோள்

செவ்வாய்க்கிழமை நாலரைக்கு வகுப்பு,
ஃப்ரே பென்டோஸ் தீயணைப்பு நிலையத்து மாடியில்.
நகராட்சி தந்த நாற்காலி பதினொன்று,
அதில் கால் ஆடாதது ஆறு.
அந்த ஆறில் ஒன்றைப் பிடிக்கத்தான்
மூன்றரைக்கே கிளம்புகிறோம் என்று
பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

முதல் நாள் ஆசிரியை சொன்னாள்:
மனதில் நன்றாகப் பதிந்த எதையாவது வரையுங்கள்.
நான் மாடு வரையப் பார்த்தேன்.
இறைச்சி ஆலையில் பத்தொன்பது வருடம்
டப்பாவுக்கு லேபிள் ஒட்டியவள்.
லேபிளில் மாட்டுத்தலை.
எத்தனை லட்சம் தலை இந்த விரல் வழியே போயிற்றோ,
கொம்பு காதுக்கு மேலா, பின்னாலா,
தெரியவில்லை.
அழித்து அழித்துத்
தாளில் ஓட்டை விழுந்தது.

பக்கத்து நாற்காலியில் தொண்டை கனைத்தது.
"மேலே, அம்மணி. கொஞ்சம் பின்னால் சரிந்து."
எல்பியோ.
அதே ஆலை, அதே பத்தொன்பது வருடம்,
எலும்பு நீக்கும் கொட்டகை.
ஒரே சங்குக்கு உள்ளே போய்
ஒரே சங்குக்கு வெளியே வந்திருக்கிறோம்,
நடுவில் ஒரு முற்றம்.
எழுபத்தாறு வயதில் கைகுலுக்கிக்கொண்டோம்,
இரண்டு கையிலும் கரி.

அவர் வரைவது வேடிக்கை.
மற்றவர்கள் வெளிக்கோட்டில் தொடங்குவார்கள்,
அவர் உள்ளேயிருந்து வருவார்.
முதலில் எலும்பு, அதன்மேல் தசை,
கடைசியில், மனசு வந்தால், தோல்.
டெல்மிரா தன் பூனையை வரைந்து தரச் சொன்னாள்.
பார்த்துவிட்டு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஜூன் மாதக் குளிரில் ஒருநாள் மழை.
வரைய உட்காரவேண்டிய படகுக்காரப் பையன் வரவில்லை.
ஆசிரியை படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஒடிலியாவுக்கு முட்டி வலி,
உட்காரவைத்தால் அசையமாட்டாள்" என்றார் வாஷிங்டன்.
சிரித்தார்கள்.
நான் போய் உட்கார்ந்தேன்.
கம்பளிச் சட்டையைக் கழற்றினேன்.
உள்ளே கையில்லாத பழைய பூப்போட்ட கவுன்.

ஆறு பேர் பார்க்கிறார்கள்.
டாக்டர் பார்ப்பது கணினியை.
மகள் பார்ப்பது என் மாத்திரை டப்பாவை.
இது வேறு.
கண்ணைச் சுருக்கி, கட்டைவிரல் நீட்டி அளந்து,
மறுபடி சந்தேகம் வந்து
மறுபடி பார்க்கிறார்கள்.
கால்மணி நேரம் கூச்சமாக இருந்தது.
அப்புறம் கூச்சம் எழுந்து போய்விட்டது,
முட்டி வலி மட்டும் துணைக்கு இருந்தது.

எல்பியோ நிமிராமல் கேட்டார்:
"இடது பக்கத்து எலும்பு
உடைந்து தானாகக் கூடியதா?"

கூரைத் தகரத்தில் மழை.

எழுபத்து நாலில், சரக்கு மேடையிலிருந்து விழுந்தேன்.
சொன்னால் வேலை போகும், சொல்லவில்லை.
ஒரு குளிர்காலம் முழுக்க
வலது கையாலேயே தலை வாரினேன்.
என் கணவர் முப்பத்தெட்டு வருடம்
அந்தத் தோளில்தான் தலைவைத்துத் தூங்கினார்.
அவருக்கும் தெரியாது.

"ஆமாம்" என்றேன்.
"வலித்திருக்கும்" என்றார்.
கரித்துண்டைத் திருப்பிப் பிடித்துத்
தொடர்ந்து வரைந்தார்.
அவ்வளவுதான்.
டெல்மிரா தெர்மாஸைத் திறந்து
மாத்தேக் குடுவையில் வெந்நீர் ஊற்றினாள்.
எப்போதும் ஜன்னலோரத்தில் தொடங்கும் சுற்று
அன்று என்னிடம் தொடங்கியது.

ஆகஸ்டில் நூலகத்தில் கண்காட்சி.
வாஷிங்டன் தன் ஏழு படகுக்கும் விலை எழுதினார்,
ஒன்றும் போகவில்லை,
பார்க்க வந்தவர்களுக்கு ரசனை போதாது என்கிறார்.
தோள் படத்துக்குக் கீழே
யாரோ சீட்டைக் கோணலாக ஒட்டியிருந்தார்கள்.
எச்சில் தொட்டு மெல்ல உரித்து
நானே ஒட்டினேன், நூல் பிடித்த மாதிரி.

பிறகு நகராமல்,
ஒட்டிய சீட்டை நின்று படித்தேன்.
இத்தனை வருடத்தில் அதைச் செய்ததில்லை.

ஒடிலியா.
கரி, தாள்.
விலைக்கல்ல.