இரவு வேலைக்காரன்

ரூஸே நகராட்சி, இரண்டாம் மாடி.
சன்னலுக்கு வெளியே டான்யூப், பாதி பனிக்கட்டி.
மழலையர் பள்ளியில் இடம் கிடைத்ததென்று
நாற்பத்தொரு கடிதங்கள் போய்விட்டன,
ஏறக்குறைய எல்லாம் ஒரே குழந்தைக்கு:
கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி,
ஓர் இடைவெளி,
மறுபடி கேள்விக்குறிகள்.
சில குழந்தைகள் கொஞ்சம் நீளம்.

ரதோஸ்வெதா நிரலைக் கையால் ஓட்டுகிறாள்.
கறுப்புத் திரையில் பெயர்கள் இறங்குகின்றன,
ஓர் எழுத்தும் நொண்டவில்லை.
பத்து முறை ஓட்டினாள். பத்தும் சுத்தம்.
எதிர்மேசை ஸ்தமேனா சூரியகாந்தி விதை கொறித்தபடி,
"உன்னைப் பார்த்தால் பயப்படுகிறது போல" என்றாள்.

அதே நிரல்
இரவு இரண்டு மணிக்குத் தானாக எழுந்து ஓடும்.
காலையில் கோப்பு முழுக்கக் கேள்விக்குறி.

முதல் சந்தேகம் பழைய தரவுத்தளத்தின் மேல்.
அது விண்டோஸ் ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தொன்றில் பேசும்,
புதிய சர்வர் யுடிஎஃப்-எட்டில் கேட்கும்,
நடுவில் ஐகான்வ் என்றொரு துபாஷி.
துபாஷியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தாள்.
பகலில் அவன் மேல் ஒரு பிழையும் இல்லை.

உளறல் என்றால் அவளுக்குப் பயமில்லை.
ஓர் எழுத்து இரண்டாகப் பிளந்து
பொருந்தாத தொப்பிகளோடு வந்து நின்றால்
யாரோ தப்பாகப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.
பைட்டுகள் உள்ளே உயிரோடு கிடக்கும்,
சரியான அட்டவணையை நீட்டினால் எழுந்து வரும்.
கேள்விக்குறி அப்படியில்லை.
அது எழுத்தின் மாறுவேடம் அல்ல.
எழுத்தை வெளியே தள்ளிவிட்டு
அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த வேறொருவன்.

ஐந்தாம் நாள் நிரலின் தலையில் ஒரு வரி சேர்த்தாள்:
ஓடும்போது உன்னைச் சுற்றி என்ன இருக்கிறதோ
எல்லாவற்றையும் எழுதி வை.
மறுநாள் இரு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
பகலுக்கு இருபத்தேழு வரி.
இரவுக்கு ஐந்து.
வீடு இருந்தது. ஷெல் இருந்தது. பாதை இருந்தது.
மொழி இல்லை.

அவள் உள்நுழையும்போது
பல்கேரிய மொழியும் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது.
கடிகாரம் எழுப்பும் வேலைக்காரனிடம்
யாரும் அதைச் சொல்லவில்லை.
அவனுக்குத் தெரிந்தவை நூற்றிருபத்தெட்டுக் குறிகள்.
மற்ற எதைக் கண்டாலும்
புருவத்தை உயர்த்தி எழுதி வைத்தான்.

ஒற்றை வரி. லாங் என்று தொடங்கி யுடிஎஃப்-எட்டு என்று முடியும்.
ஸ்தமேனா விதையோட்டை ஊதித் தள்ளினாள்:
"இதற்கா ஒரு வாரம்?"

வெள்ளிக்கிழமை ஒருவர் வந்தார்.
மிலென் கோலெவ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
கடிதத்தை மேசையில் நீவி விரித்தார்.
ஒவ்வொரு கேள்விக்குறிக்கு மேலும்
நீலப் பேனாவால் ஓர் எழுத்து.
யானா, நம் கணக்கில் இரண்டு, அவர்கள் கணக்கில் மூன்று.
கோலெவா, ஆறு.
இடம் மிச்சமில்லை, எழுத்தும் மிச்சமில்லை.
தெருவின் பெயரும் கேள்விக்குறிதான், வீட்டு எண் மட்டும் பதினான்கு.
தபால்காரர் தனக்குத் தெரிந்த பதினான்கில் போட்டிருக்கிறார்.

எண்களுக்கு எந்த அட்டவணையிலும் சாவில்லை.
கடிதத்தின் அடியில் விண்ணப்பம் 0318.
தேடினாள்.
இவா டோனெவா. மூன்று, ஆறு.
ஆற்றோரத்தில் வேறொரு பதினான்கு.

யானாவைத் தேடினாள். 0277.
காத்திருப்போர் பட்டியல், நான்காவது.

பெயர் திரையில் முழுசாக இருந்தது, அழகாகக்கூட.
அவர் குல்லாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.
"எழுத்தில் ஏதாவது தப்பா?" என்றார்.
"நானே யோசித்துப் போட்டது."

"எழுத்தில் இல்லை" என்றாள்.