திங்கட்கிழமை பஸ்

கீழக்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.
நாற்பத்தொரு வயது வரை
ஊர்ப்பட்ட ஆதார் அட்டைகளுக்கு
முன்பக்கம் பின்பக்கம் நகல் எடுத்ததுதான்
உலகத்தோடு நான் பேசிய பேச்சு.

ஒரு மத்தியானம் முத்துராக்கு வந்தாள்.
பாசி எடுப்பவள்.
விரல்களில் சுற்றிய துணி உப்பேறி விறைத்திருந்தது.
நீட்டிய தாள் வனத்துறை நோட்டீஸ்.
தீவுக்குப் பக்கத்தில் 'நில்' என்று கத்தினார்களாம்,
இவள் நிற்காமல் போனாளாம்.
எத்தனை காப்பி என்றேன்.
திரும்பக் கேட்டேன், சத்தமாக.
பிறகு, இன்னும் சத்தமாக.
பிரிண்ட் எடுக்க நின்ற பாலிடெக்னிக் பையன் சொன்னான்:
அக்கா, அவங்களுக்குக் காது கேக்காது.

மூன்று விரல் காட்டினாள்.
மூன்று காப்பி.
நோட்டீஸை மறுபடி வாசித்தேன்.
நானும் கத்தியவள்தானே.

அன்று ராத்திரி செல்போனில் தேடினேன்.
ஒரு பெண் கையாலேயே மழை பெய்யவைத்தாள்,
கையாலேயே கடன் வாங்கினாள்,
கையாலேயே மாமியாரைத் திட்டினாள்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அடுப்பில் சோறு தீய்ந்து புகைந்தது.
இதற்கு முன் எதற்காகவும்
நான் சோறு தீய விட்டதில்லை.

ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் அவர் கேட்டார்:
கை ஏன் ஆடிக்கிட்டே இருக்கு மெகராஜ்?
கொசு, என்றேன்.

நாலு மாதம் கழித்து முத்துராக்கிடம்
'கடல்' என்று காட்டினேன்.
விழுந்து விழுந்து சிரித்தாள்.
செல்போன் கடல் டெல்லிக் கடலாம்.
அவள் கடல் வேறு:
உள்ளங்கை குப்புற, மெல்ல இழுத்து,
சட்டென்று விரல் மடங்கும்,
கல்லில் பாசியைப் பிடிக்கிற மாதிரி.
திருக்கை வருது, மேலே போ, மூச்சு முட்டுது,
எல்லாவற்றுக்கும் கை இருக்கிறது அவளிடம்.
கூட முங்குகிற பதினோரு பேருக்கும்
காது கேட்கும்.
தண்ணீருக்கு அடியில் அவர்கள் பேசுவது
இவள் பாஷை.

ஒரு திங்கட்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு
இருவரும் ராமநாதபுரம் போனோம்,
கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள்.
நீங்க யாரு, சொந்தமா?
ஜெராக்ஸ் கடை, சார்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
முத்துராக்கு கையை எடுத்தாள்.
நான் வாயைத் திறந்தேன்:
'எனக்கு முதுகில் கண் இல்லை.
முன்னால் வந்து கையைக் காட்டியிருந்தால்
நின்றிருப்பேன்.'
எனக்கு, என்று சொன்னது என் குரல்.
அந்த 'எனக்கு' என்னுடையது இல்லை.
உடம்பெல்லாம் ஒருமுறை சிலிர்த்தது,
ஐஸ் பெட்டிக்குள் கை விட்டதுபோல்.

பிறகு அதிகாரி அபராதம் என்றார்.
பதற்றத்தில் அதை நான்
கல்யாணம் என்று காட்டிவிட்டேன்.
அத்தனை பேர் நடுவே
முத்துராக்கு வெடித்துச் சிரித்தாள்.
அவளுக்குக் கேட்காத அந்தச் சிரிப்பை
மனு பிடித்து நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நோட்டீஸ் ரத்தாகவில்லை.
பரிசீலனையில் இருக்கிறது.
பரிசீலனைக்கு இன்னும் கை கிடைக்கவில்லை எனக்கு;
முத்துராக்கு ஒன்று வைத்திருக்கிறாள்,
அதை இங்கே எழுத முடியாது.

அடுத்த திங்கள் சாயல்குடியிலிருந்து ஒரு தாயும் மகனும்.
அதற்கடுத்து தேவிபட்டினத்து வெல்டர்,
சம்பளப் பாக்கி பதினேழாயிரம்.
வாரம் அறுநூறு ரூபாய் வியாபாரம்
பக்கத்துக் கடைக்குப் போகிறது.
பொம்பளை ஊர் சுத்துறா என்ற பேச்சு
எனக்கு நன்றாகவே கேட்கிறது.

இன்றும் பஸ்ஸில் கூட்டம்.
முன்னால் நான், கடைசி சீட்டில் அவள்.
தலைகளுக்கு மேலே பேசிக்கொண்டு போகிறோம்.
கடலுக்குள் வா, ஒருநாள், என்கிறாள்.
கம்பியை விட்டுவிட்டு
பயம், என்று காட்டுகிறேன்.
அவள் முகத்தைச் சுளித்து,
கண்டக்டரின் தோளைத் தாண்டிக் கையை உயர்த்தி,
என் சுண்டுவிரலைத் திருத்துகிறாள்.