மஞ்சள் எண் பன்னிரண்டு

பெண்டிகோவில் வியாழன் சம்பளம்.
தீவன ஆலைத் தூசோடு
முட்டை அடுக்கின் முன் நிற்கிறேன்.
கூண்டு முட்டைக்குக் குனிய வேண்டும்.
நாலு டாலர் முப்பது.
கண்ணுக்கு நேரே,
ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கோழிகள்,
ஆறு டாலர்.
எக்கி எடுக்க வேண்டிய தட்டில்
ஹெக்டேருக்கு ஆயிரத்து ஐந்நூறு,
ஒன்பது டாலர் எண்பது.

கணக்கு எனக்கு வரும்.
பத்தாயிரம் என்றால் கோழிக்கு ஒரு சதுர மீட்டர்.
ஆயிரத்து ஐந்நூறு என்றால் ஆறரைக்கும் கொஞ்சம் மேலே.
நாங்கள் மூவரும் படுக்கும் அறை பன்னிரண்டு,
ஆளுக்கு நாலு.
ஆறு டாலருக்கும் ஒன்பது எண்பதுக்கும் நடுவே
எங்கோ இருக்கிறோம்.

பெட்டியின் மேல் புல், கோழி, ஒரு சூரியன்.
அந்தச் சூரியனை எனக்குத் தெரியும்.
இருபத்தைந்து கிலோ சாக்கில் வருகிறது,
செண்டுமல்லியை உலர்த்தி அரைத்த பொடியாக.
மேற்பார்வையாளன் கிரெய்க்கிடம்
விசிறிபோல் விரியும் மஞ்சள் அட்டை உண்டு.
ஒன்று, வெளிறிய வெண்ணெய்.
பதினைந்து, காவி.
சனங்களுக்குப் பிடித்தது பன்னிரண்டு.
டன்னுக்கு இத்தனை கிராம் என்று
கொட்டுவது நான்.
கூண்டுக்கும் பன்னிரண்டு,
மேய்ச்சலுக்கும் பன்னிரண்டு.
வாணலியில் உடைத்து ஊற்றினால்
எந்தக் கரு எங்கிருந்து வந்ததென்று
எனக்கே தெரியாது.

அமிழ்தாவின் பள்ளிக்கு மூன்று கோழிகள் வந்தன,
கூண்டுப் பண்ணை கழித்துவிட்டவை.
கழுத்தில் இறகில்லை.
புல்லில் இறக்கிவிட்டதும் ஒன்று
சுடுமணலில் நிற்பதுபோல்
ஒரு காலைத் தூக்கியபடியே நின்றதாம்.
அன்றிரவு தட்டைத் தள்ளி வைத்தாள்.
"இது எந்தக் கோழிப்பா?"

அந்த வாரம் மேல்தட்டுக்கு எக்கினேன்.
அந்த வாரம் மட்டும்.
அடுத்த வாரம் வாடகை ஏறியது, முப்பது.

பெட்டியை எறியவில்லை.
அவள் தூங்கியபின்
நாலு முப்பது முட்டைகளை
ஒன்பது எண்பதுக்குள் குடிவைத்தேன்.
ஓட்டில் பண்ணை முத்திரை, சிவப்பில்.
வினிகர் நனைத்துத் துடைத்தால்
முதலில் ரோஸாகும், பிறகு போய்விடும்.
ஐந்து வாரம் துடைத்தேன்.

முதியோர் இல்லத்து மாலை ஷிஃப்ட்டிலிருந்து
கயற்கண்ணி ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டாள்.
மேடையில் பன்னிரண்டு முட்டை,
கையில் என் பழைய பனியன்.
கள்ளநோட்டு அடிக்கிறவன்போல் நின்றேன்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றினாள்.
ஒரு முட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்து,
"இதுல இன்னும் ஒரு எழுத்து தெரியுது"
என்று பனியனை வாங்கிக்கொண்டாள்.
இரண்டு பேராகச் செய்தபோதுதான்
வெட்கமாக இருந்தது.

ஞாயிறன்று அமிழ்தா கேட்டாள்:
"பள்ளிக்கூடத்து முட்டைக்கு வாசமே இல்ல.
நம்ம முட்டை மட்டும் ஏம்ப்பா
ஊறுகாய் மாதிரி மணக்குது?"
கயற்கண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.
நான் உப்பைத் தேடினேன்.
உப்பு எதிரிலேயே இருந்தது.

இன்று மறுபடி வியாழன்.
ஒரு பெட்டியைத் திறக்கிறேன்.
ஒவ்வொரு முட்டையாகத் திருகிப் பார்க்கிறேன்,
அடியில் ஒட்டியிருந்தால் உடைந்தது.
ஒன்றில் சின்ன இறகு. எடுக்கவில்லை.
நடுத்தட்டு.
வாரத்துக்கு நாலு முட்டை நான் குறைத்துக்கொள்ளலாம்,
கொழுப்பு என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார்.

அதன் சொந்தப் பெட்டியோடே மேசையில் வைத்தேன்.
முத்திரை அப்படியே இருந்தது.
அவள் படிக்கத் தெரிந்தவள். படித்தாள்.
"பத்தாயிரம்" என்றாள்.
"ஹெக்டேர்னா எவ்ளோ பெருசு?"
"உங்க பள்ளி மைதானம் இருக்கும்."
கண்ணை மூடிக்கொண்டாள்.
உதடு அசைகிறது,
ஒவ்வொன்றாக மைதானத்தில் இறக்கி
நிறுத்திப் பார்க்கிறாள் போலும்.
நானும் கயற்கண்ணியும் காத்திருக்கிறோம்.
தட்டில்
பன்னிரண்டாம் மஞ்சள்
ஆறிக்கொண்டிருக்கிறது.