சுவர், நான்கு விநாடி

உள்ளங்கையில் அடங்குகிற வட்டு.
என் கடைக் கம்ப்யூட்டரின் தட்டில்
நடுவே ஒரு சின்னக் குழி இதற்கென்றே உண்டு,
வாங்கிய நாளிலிருந்து யாரும் உட்காராத குழி.
வைத்தேன். உள்ளே போனது.
கொஞ்ச நேரம் முனகிவிட்டு
காலி என்றது.

"காலியா? இருபத்திரண்டு நிமிஷம் இருக்குங்க அதுல"
என்றார் எப்சிபா,
விருதம்பட்டிலிருந்து வெயிலோடு வந்தவர்.
எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
ஊதா முதுகில் அகலமாய் ஒரு வளையம்
நிறம் மாறியிருந்தது.
எழுதியிருக்கிறார்கள். முடித்துவைக்கவில்லை.
எடுத்த கேமராவுக்கு மட்டும் புரியும்,
மற்ற எல்லாருக்கும் வெள்ளைத் தாள்.

கேமரா எங்கே?
"வித்துட்டேன், பையன் ஃபீஸுக்கு.
முடிக்கணும்னு யார் சொன்னா?"

அவருக்குக் கேக் வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம்,
பிறந்தநாள் தொப்பியோடு ஓடுகிற பிள்ளைகள் வேண்டாம்.
பின்னால் நிற்கிற சுவர் வேண்டும்.
பக்கத்து மனைக்காரர் மூன்றடி உள்ளே வந்து
புதுச்சுவர் எழுப்பிவிட்டார்.
சத்துவாச்சாரி கோர்ட்டில் பத்தாம் தேதி வாய்தா.
பழைய சுவரைப் பார்த்த சாட்சி
இது ஒன்றுதான்.
இதுவும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

ஆற்காட்டில் முனிரத்தினம் வைத்திருந்தார்
அதே கம்பெனி, அதே மாடல்,
ரசீதுகள் ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க.
பேட்டரி வீங்கிச் செத்திருந்தது, வயர் பிழைத்திருந்தது.
வாடகை இருநூறு என்றார்,
"அதுவரைக்கும் செங்கல் வெச்சுக்கறேன்."

கேமரா தன் குட்டித் திரையில் கேட்டது:
முடித்துவிடவா?
முடித்தால் இனி இதில் எதையும் எடுக்க முடியாது.
"இன்னும் எட்டு நிமிஷம் இடம் இருக்கு, போயிடும், பரவாயில்லையா?"
எப்சிபா யோசித்தது
எட்டு நிமிடத்துக்கு மேலிருக்கும்.
"போவட்டும்."

ஆம் என்று அழுத்தினேன்.

கரண்ட் போகக்கூடாது. ஆட்டக்கூடாது.
காட்பாடியில் மதியம் இரண்டரை மணிக்கு
இரண்டையும் யார் கேட்டுத் தருவது?
மேஜைமேல் கை வைக்காமல் நின்றோம்.
சித்தூர் பஸ் ஒன்று கடையை உரசித் திரும்பியது.
நாற்பது.
நாற்பது.
நாற்பத்தொன்று.
எப்சிபாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது,
ஜெபமா, பக்கத்து மனைக்காரரைத் திட்டினாரா, தெரியாது.

தட்டு மறுபடி உள்ளே போனது.
இந்தத் தடவை காலி என்று சொல்லவில்லை.
ஏழு சின்னப் பெட்டிகள் வந்தன,
ஏழிலும் எப்சிபா.

பந்தல் கயிறு கட்டும் எப்சிபா.
கேக்கை விட்டுவிட்டு, கேக் வெட்டும் கையையும் விட்டுவிட்டு
அதைப் பார்த்து நிற்கும் எப்சிபா.
கேமரா சுவர் பக்கம் மெல்ல நகரும்,
இதோ, இதோ என்று நாங்கள் முன்னால் குனிவோம்,
நாய் வீட்டுக்குத் திரும்புவதுபோல்
அவர் முகத்துக்கே வந்துவிடும்.

"திருப்புய்யா அந்தப் பக்கம்!" என்று
திரையைப் பார்த்துக் கத்தினார்.

ஆறாவது பெட்டியில்
எடுத்தவர் எதிலோ தடுக்கி விழுந்திருக்கிறார்.
வானம், செருப்பு, பிறகு சுவர்.
முழுச் சுவர். பூசாத செங்கல், மூலையில் தண்ணீர்க் குழாய்.
நான்கு விநாடி.
தேதி? கேமராவில் யாரும் தேதியே வைக்கவில்லை,
ஏழு பெட்டியிலும்
ஜனவரி ஒன்று, நள்ளிரவு பன்னிரண்டு.

ராணிப்பேட்டைக்குப் போன் போட்டார்.
ஷிஃப்டில் இருந்தார் ஞானசிகாமணி.
"தேதி வெக்கத் தெரியாதா உனக்கு?
சுவத்த எடுக்கத் தெரியாதா?"
அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல்.
ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.
"ஆமா, ரொம்ப முக்கியம்" என்று வைத்துவிட்டார்.

கோர்ட்டுக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று,
பெரிய வட்டில், எந்தப் பிளேயரிலும் ஓடும்படி.
மூன்றாவது யாருக்கு என்று சொல்லவில்லை,
மூன்று போடுங்க என்றார்.

மார்க்கரைத் திறந்தபடி கேட்டேன்,
மேலே என்ன எழுத?

"சுவர்னு எழுதுங்க."